கிளினிக் அட்டையில் நான் எழுதிய திகதி

1. பொறுப்பேற்ற நாள்

தீவின் பெயரை எழுதப்போவதில்லை. குறிகட்டுவான் துறையிலிருந்து லோஞ்ச் என்ற மோட்டார்ப் படகில் ஒரு மணித்தியாலம், காற்றுக் காலமென்றால் ஒன்றரை. அவ்வளவு தெரிந்தால் போதும். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.

1983ஆம் ஆண்டு தை மாதம் அங்கே அப்போதிக்கரியாகப் பொறுப்பேற்றேன். அரசாங்கக் கடிதங்களில் எங்களுக்கு நீளமான வேறு பெயர் இருந்தது. சனம் அப்போதிக்கரி என்றுதான் சொன்னது. டொக்டருக்குப் படிக்காதவர்கள் நாங்கள். ஆனால் டொக்டர் வர மறுக்கிற இடத்தில் டொக்டரின் வேலை எல்லாவற்றையும் செய்யவேண்டும். எட்டுக் கட்டில், மிஸ்ஸி என்று நாங்கள் சொல்லும் ஒரு தாதி, எடுபிடிக்கு ஒரு ஓடலி, மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு பிரிஜ். இதுதான் ஆஸ்பத்திரி.

எனக்கு முன்னிருந்தவர் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு நின்றார். லோஞ்சுக்கு நேரமாகிறதென்று அரை மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் ஒப்படைத்தார். மருந்து அலுமாரித் திறப்பு, கடும் நோவுக்குப் போடும் பெத்தடின் ஊசி வைத்துப் பூட்டும் சின்னப் பெட்டியின் திறப்பு, கடைசியாக ட்ரான்ஸ்பர் புத்தகம். அதைக் கையில் தந்துவிட்டுச் சொன்னார்.

“இதுதான் உம்மைக் காப்பாத்தும். ஒரு ஆள் தப்பாது எண்டு கண்டால் உடனை எழுதிக் கரைக்கு அனுப்பிப்போடும். இஞ்சை செத்தால் உமக்குத்தான் விசாரணை. அங்கை செத்தால் ஆரும் உம்மைக் கேக்கமாட்டினம்.”

அவர் கெட்ட மனிதர் அல்ல. முன்பொருமுறை விசாரணைக்குப் போய்ச் சூடு கண்டவர். நான் அவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். இரண்டு வருடம் என் எட்டுக் கட்டிலிலும் ஒருவர்கூடச் சாகவில்லை. பதிவேட்டைப் பார்க்க வந்த மேலதிகாரி என்னைக் கெட்டிக்காரன் என்றார். அதை நானும் நம்பிவிட்டேன், அதுதான் வெட்கம்.

2. லோஞ்சில் நடந்தது

கரையிலே கிளினிக்கில் எழுதப்படாத ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கிளினிக் என்று கேட்கவேண்டாம், அந்தக் காலத்தில் பல இடங்களிலும் இதே கதைதான். நோயாளியின் அட்டையில் ஒவ்வொரு முறையும் கடைசிக் கட்டத்தில் அடுத்து வரவேண்டிய திகதியை எழுதுவார்கள். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள். வாயால் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வெளியே நூறு பேர் வரிசையில் நிற்கும்போது, உன் தாய் பிழைக்கமாட்டா என்று ஒருவனுக்குச் சொல்லி, அவனைத் தேற்றி அனுப்ப யாருக்கு நேரம்? அட்டையை வாசிக்கத் தெரிந்த எங்களைப் போன்றவர்கள் ஊரில் சொல்லிக்கொள்வார்கள் என்று விட்டுவிடுவார்கள். நாங்களும் சொல்லமாட்டோம்.

1985இல் அந்தோனிப்பிள்ளை அப்படி ஒரு அட்டையோடு வந்தார். கடற்தொழில் செய்பவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். அட்டை அவருடைய தாய் மதலேனம்மாவினுடையது, அவவை வாசல் வாங்கில் கிடத்தியிருந்தார்கள். ஈரலில் புற்றுநோய். கண் மஞ்சள், வயிறு முட்ட நீர், கைகால் சுள்ளி. பின்னால் அவருடைய மனைவி திரேசம்மா மாமியாரின் உடுப்புப் பையோடு நின்றா.

“ஐயா, இந்தமுறை டேற் போடேல்லை. மறந்திட்டினமோ?”

மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். மறந்திருப்பார்கள் என்றேன். ட்ரான்ஸ்பர் துண்டு எழுதித் தருகிறேன், விடிய லோஞ்சில் கொண்டுபோய் வாட்டில் விடுங்கள் என்றேன். அந்த மனுசியை வீட்டிலேயே வைத்து நோவுக்கு ஊசி போட்டு, வாயை நனைத்துப் பார்த்திருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை என்றால் பொய். தோன்றியது. விசாரணையும் கூடவே தோன்றியது.

அடுத்தநாள் பின்னேரம் அந்தோனிப்பிள்ளை தனியாக வந்தார். சட்டை முழுக்க உப்புத் தண்ணீர். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. நடந்ததை ஒரு முறைப்பாடும் இல்லாமல் சொன்னார்.

லோஞ்ச் நடுக்கடலுக்குப் போகமுன்பே தாய்க்கு மூச்சு நின்றுவிட்டது. லோஞ்ச் நிறையச் சனம். பிரேதம் ஏற்றுவதில்லை என்பது லோஞ்ச்காரரின் கண்டிப்பு. ஏற்றினால் கழுவி ஒருநாள் கட்டிப்போட வேண்டும், ஏறியிருந்தவர்கள் எல்லோரும் வீடு போய் முழுகவேண்டும். அதைவிடப் பெரிய பயம் துறையில் நின்ற நேவி. கடதாசி இல்லாத பிரேதம் என்றால் மரண விசாரணை, பட்டணத்தில் பிரேத அறை, ஊருக்குக் கொண்டுவர எத்தனை நாளாகுமோ தெரியாது. ஆகவே புருசனும் பெண்சாதியும் கண்ணாலே கதைத்துக்கொண்டார்கள். அவர் விசிறியால் தாய்க்கு விசுக்கிக்கொண்டே இருந்தார். திரேசம்மா மாமியாரின் தலையை மடியில் வைத்து, “மாமி, இந்தா கரை தெரியுது, கொஞ்சம் பொறுங்கோ” என்று சொல்லிக்கொண்டே வந்தா. பக்கத்திலிருந்த ஒரு மனுசி சோடாப் போத்தலை நீட்ட, அதை வாங்கிச் செத்த வாயை நனைத்தார்கள். முக்கால் மணித்தியாலம். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

கரையில் நோயாளியைப் போலவே தூக்கி இறக்கி, தெரிந்த ஒருவரின் வள்ளத்தில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

“பேப்பர் ஒண்டு வேணும் ஐயா. வீட்டிலை முடிஞ்சதெண்டு எழுதுவியளோ?”

எழுதினேன். அந்தக் குடும்பத்துக்கு நான் செய்தது கொடுமை. அவர் ஒரு தூஷண வார்த்தை சொல்லியிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும்.

3. ஒரு பொய்த் திகதி

அதற்குப் பிறகு நான் திருந்திவிட்டேன் என்று சொல்ல ஆசை. பாதிதான் திருந்தினேன். கண்மூடித்தனமாக ட்ரான்ஸ்பர் எழுதுவதை நிறுத்தினேன். உண்மையைச் சொல்லப் பழகவில்லை.

1988இல் அந்தோனிப்பிள்ளைக்கே வந்தது. உணவுக்குழாயில் புற்றுநோய். கொழும்புக்குப் போய், கறண்ட் பிடிக்கிறது என்று சனம் சொல்லும் கதிர்ச் சிகிச்சை எடுத்து வந்தார். பிறகு மாதாமாதம் கரையில் கிளினிக். கடலில் நேவி மறித்தால் லோஞ்ச் ஓடாது, துறையில் இறங்கினால் பஸ் நிச்சயமில்லை. ஒருமுறை போய்வந்த களை ஆற ஒரு கிழமை எடுத்தது. பிறகு இரண்டு கிழமை. கடைசியில் அடுத்த கிளினிக் வந்தும் முந்திய களை ஆறவில்லை.

இளம் பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு, எந்தக் கட்டத்தில் வைத்தியத்தை நிறுத்திப் பராமரிப்புக்கு மாறவேண்டும் என்று. இப்போது அதற்குப் பெயர்கள் இருக்கின்றன, ஹொஸ்பிஸ் என்றும் நோய்த்தணிப்பு என்றும். எங்களிடம் சொல்லும் இல்லை, படிப்பும் இல்லை. ஆனால் கண் இருந்தது. வைத்தியத்துக்குப் போய்வரும் களை, வைத்தியம் தரும் தெம்பைவிடக் கூடினால் ஒரு அடையாளம். சாரத்தை இடுப்பில் இரண்டு சுற்று அதிகம் சுற்றவேண்டி வந்தால் ஒன்று. பகலும் நித்திரை, கூப்பிட்டால் மட்டும் முழிப்பு. சாப்பாட்டைக் கண்டு முகம் திருப்புவது. எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளி தானே வேண்டாமென்று சொல்லத் தொடங்குவது. அதை வீட்டார் பிடிவாதம் என்பார்கள். பெரும்பாலும் அது பிடிவாதமில்லை, அறிவு.

அந்தோனிப்பிள்ளை ஒருநாள் காலை, மனைவி சந்தைக்குப் போன நேரம் பார்த்து, மெல்ல மெல்ல நடந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். மேசையில் அட்டையை வைத்தார். கடைசிக் கட்டம் வெறுமையாக இருந்தது. குரல் ஏற்கனவே அடைத்துப்போயிருந்தது.

“இதின்ரை கருத்து எனக்குத் தெரியும் ஐயா. அம்மான்ரை அட்டையிலை பாத்தனான். என்னை லோஞ்சிலை ஏத்தாதேங்கோ. நான் என்ரை வீட்டிலை கிடந்து போறன்.”

நான் ஓமென்றேன். அது சரியான ஓம். அடுத்த ஓம்தான் பிழை.

“அவளுக்கு இப்ப சொல்லவேண்டாம். தாங்கமாட்டாள். ஒரு டேற்றைப் போட்டுவிடுங்கோ. அதுக்கிடையிலை என்ரை பாடு முடிஞ்சிடும்.”

சாகப்போகிறவன் கேட்கிறான், ஒரு சின்ன உபகாரம் என்று நினைத்தேன். உண்மையில் எனக்கும் அது வசதி. திரேசம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியதில்லை. பேனையை எடுத்து, ஆறு கிழமை தள்ளி ஒரு திகதியைக் கட்டத்துக்குள் எழுதினேன்.

அந்தத் திகதியை வைத்துக்கொண்டு திரேசம்மா என்ன செய்வா என்று நான் யோசிக்கவில்லை. அவ செய்தது இதுதான். அட்டையை மாதா படத்துக்குக் கீழே செருகிவைத்தா. அந்த நாளுக்கிடையில் ஆளைத் தேற்றிக் காட்டவேண்டும் என்று விடியக் கஞ்சி, பத்துமணிக்கு முட்டைப் பால், பின்னேரம் சூப் என்று ஓடினா. அவர் விழுங்க முடியாமல் புரைக்கேறித் துப்ப, அவ கோபித்தா. “நீங்கள் மனம் வைக்கிறியள் இல்லை” என்று ஏசினா. வீட்டில் மீன் சமைப்பதை நிறுத்தினா. அவருக்குப் பத்தியமென்றால் எனக்கும் பத்தியம் என்றா. அக்கம்பக்கத்தார் கோயில் பங்குச் சுவாமியாரைக் கூப்பிட்டு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கச் சொன்னபோது துரத்திவிட்டா. எங்கள் பக்கத்தில் அவஸ்தைப்பூசுதல் என்றால் ஆள் முடிந்தது என்று அர்த்தம். கிளினிக்கே டேற் தந்திருக்கு, உங்களுக்கென்ன அவசரம் என்று கேட்டாவாம்.

இரண்டு நாளைக்கொருமுறை நான் சைக்கிளில் போய் ஊசி போட்டுவிட்டு வருவேன். இதெல்லாம் என் கண்முன்னால் நடந்தது. அந்தோனிப்பிள்ளை என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன். கள்ளன் கூட்டாளி இருவரும் ஒரே வீட்டில்.

4. திரேசம்மாவிடம்

திகதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவ ஆஸ்பத்திரிக்கு வந்தா. லோஞ்ச்காரரோடு கதைத்தாகிவிட்டது, படுக்கவைத்துக் கொண்டுபோக இடம் தருவதாகச் சொல்லிவிட்டார்கள், கன்வஸ் ஸ்ட்ரெச்சரும் துண்டும் வேண்டும் என்றா. அந்த மனிதன் அன்று எழும்பி இருக்கவே ஏலாத நிலையில் இருந்தார். லோஞ்சில் ஏற்றினால் கரை காணமாட்டார். ஏற்றாதேங்கோ என்று என்னிடம் கேட்டவரை, நானே திகதி போட்டு ஏற்றப்போகிறேன்.

துண்டை எழுதிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லி அவவை அனுப்பினேன். மிஸ்ஸியிடம் விசயத்தைச் சொன்னேன். மிஸ்ஸி நல்ல மனுசி, ஆனால் வாய் கூர். “எழுதின கைதான் போகவேணும். என்னைப் பாக்காதேங்கோ” என்றா.

போனேன். திரேசம்மா பை அடுக்கிக்கொண்டிருந்தா. பிளாஸ்க், பால்மா ரின், தோய்த்து மடித்த சாரம் மூன்று. அந்தோனிப்பிள்ளை கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார்.

“துண்டு கொண்டுவந்தனீங்களோ ஐயா?”

“இல்லையக்கா. அந்த டேற் கிளினிக்கிலை போட்டதில்லை. நான் போட்டது.”

அவவுக்கு முதலில் விளங்கவில்லை. படத்துக்குக் கீழிருந்து அட்டையை எடுத்து, பழைய திகதிகளையும் இதையும் மாறி மாறிப் பார்த்தா. எழுத்து வேறு, மை வேறு. எல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது.

கிளினிக்கில் திகதி போடவில்லை, இனி அவர்களால் செய்ய ஒன்றுமில்லை, கடலில் கொண்டுபோனால் நடுவழியில் போய்விடுவார் என்று சொன்னேன். நாட்கள்தான் இருக்கின்றன, கிழமைகள் இல்லை என்றும் சொன்னேன். மூன்று வருடத்துக்கு முன்பு சொல்லியிருக்கவேண்டிய வசனங்கள் அன்றுதான் என் வாயிலிருந்து வந்தன.

“ஏன் போட்டனீர்?”

அதுவரை என்னை நீங்கள் என்று சொன்ன மனுசி, அன்று நீர் என்றா. நான் பதில் சொல்லமுதல் கட்டிலிலிருந்து காற்றுப்போல ஒரு சத்தம் வந்தது.

“நான்தான் கேட்டனான்.”

அவ புருசனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பைக்குள் வைத்தவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தா. பிளாஸ்க்கைக் குசினிக்குள் கொண்டுபோனா. சாரங்களை அலுமாரியில் வைத்தா. பிறகு கட்டிலின் கால்மாட்டில் வந்திருந்து, அவருடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டு, என்ன வெயில் இன்றைக்கு என்றா. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

5. ஒன்பது நாள்

அன்றிலிருந்து ஒன்பது நாள் இருந்தார். பூட்டுப் பெட்டியிலிருந்த பெத்தடினை இனி யாருக்காக மிச்சம் பிடிப்பது என்று, நோ வருமுன்பே போய்ப் போட்டேன். காலையும் மாலையும். ஆஸ்பத்திரியிலிருந்து றப்பர் சீற், பெட் பான், முதுகுப்புண்ணுக்கு மருந்து எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாயை இளநீர்ப் பஞ்சால் நனைக்கவும், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டிவிடவும் திரேசம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தேன். கஞ்சி தீத்துவதை நிறுத்தச் சொன்னேன். பட்டினியால் சாகவில்லை, சாவதால் பசியில்லை என்று விளங்கப்படுத்தினேன். அது அவவுக்குத்தான் ஆகக் கடினமாக இருந்தது.

இரண்டாம் நாள் சுவாமியார் வந்தார். பாவசங்கீர்த்தனம் செய்யக் குரல் மிச்சமிருந்தது. மூன்றாம் நாள் நான் போனபோது வீடு முழுக்க மீன் பொரித்த மணம். அவர்தான் கேட்டாராம், நான் தின்னேலாது எண்டு நீ ஏன் காயிறாய், பொரி, மணத்தையாவது பாப்பம் என்று. அவ பொரித்து, அவருக்குப் பக்கத்திலிருந்து, அவர் பார்க்கப் பார்க்கச் சாப்பிட்டிருக்கிறா. அன்று இரண்டுபேர் முகத்திலும் ஒரு தெளிவு இருந்தது. லோஞ்சில் தாயோடு போன அந்த நாளைப்பற்றி அவர்கள் இருவரும் அந்த ஒன்பது நாளுக்குள்தான் முதன்முதலாகக் கதைத்தார்கள் என்று பிறகு அறிந்தேன். மூன்று வருடம் ஒரே பாயில் படுத்தும் கதைக்காத விசயம்.

ஒன்பதாம் நாள் ஊசியோடு ஒழுங்கைக்குள் திரும்பும்போதே வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது. கொஞ்சநேரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துக்கமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தமுறை யாருக்கும் விசாரணையைப் பற்றிய நினைப்பு வரவில்லை, எனக்கும்.

நான் நல்லது செய்துவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிந்தியாவது சொன்னேனே, அவர் கேட்டபடி வீட்டில் போனாரே என்று. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து திரேசம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தா. றப்பர் சீற்றையும் பெட் பானையும் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தா. மிஸ்ஸியிடம் கொடுத்துவிட்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றா. கோபமாக வரவில்லை. களைத்துப்போய் வந்தா.

“உங்களுக்கு நாப்பது நாளாத் தெரியும். அவருக்கும் தெரியும். எனக்கு மட்டும் ஒன்பது நாள். அந்த நாப்பது நாளும் நான் அந்த மனுசனைச் சாப்பிடச் சொல்லி ஏசிக்கொண்டெல்லோ திரிஞ்சனான்.”

சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டுப் போய்விட்டா.

அதற்குப் பிறகு, 1991இல் இடம்பெயர்ந்து அந்தத் தீவைவிட்டு வரும்வரை, வெறும் கட்டத்தோடு வந்த அட்டை எதையும் நான் தட்டிக்கழிக்கவில்லை. நோயாளியையும், அவரைப் பார்க்கிற ஆளையும் ஒன்றாக இருத்திவைத்து அன்றைக்கே சொன்னேன். சிலர் அழுதார்கள், சிலர் என்னை ஏசினார்கள், ஒருவர் அடிக்கவும் வந்தார். நோயாளியே மறைக்கச் சொல்லிக் கேட்டபோதும், நீரே சொல்லும், பக்கத்தில் நான் நிற்கிறேன் என்றேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எப்போது சொல்வது என்று கேட்டால், உங்களுக்குத் தெரிந்த அன்றே. நீங்கள் அறிந்த நாளுக்கும் வீட்டார் அறிகிற நாளுக்கும் இடையில் கழிகிற நாட்கள் உங்களுடையவை அல்ல, நோயாளிக்கு மட்டும் உரியவையும் அல்ல. அந்த நாற்பதும் திரேசம்மாவின் நாட்கள்.